வடக்கே போக வேண்டிய மணல்

கேட்கப்பட்ட கேள்வியின் சுருக்கம் இது: "எங்கள் மீனவர் ஊர் புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கிறது. 10 ஆண்டுகளுக்கு முன் வலை உலர்த்திய மணல் வெளி இன்று கடலுக்குள் போய்விட்டது. தென்னந்தோப்பிலும் 3 வரிசை விழுந்துவிட்டது. பக்கத்து ஊரில் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் குறுக்கே நீட்டும் கல் வரிசை) கட்டிய பிறகு அங்கே மணல் சேர்ந்தது; எங்களுக்கும் அதையே கேட்கலாம் என்று ஊர்க் கூட்டத்தில் பேசுகிறார்கள். கடல் மட்டம் உயர்வதால் வரும் வினை இது, எதைக் கட்டினாலும் நிற்காது என்று சிலர் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் ஊருக்குள் தண்ணீரும் தேங்குகிறது. நாங்கள் அரசிடம் எதைக் கேட்பது?"

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது கல் அல்ல, மணல். உங்கள் கரைக்குத் தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்த மணல் வழியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அது மீண்டும் வந்து சேர ஏற்பாடு செய்யாமல் எத்தனை கல் கொட்டினாலும் அரிப்பு ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு இடம் மாறுமே தவிர நிற்காது. இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. வீட்டுச் சுவரில் அலை மோதும்போது உங்கள் ஊரார் கல்லைக் கேட்பதில் இருக்கும் நியாயம் எனக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கடல் மட்டத்தைப் பற்றிய பேச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடல் மட்டம் உயர்கிறது என்பதில் ஐயமில்லை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்களின் சராசரி மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006க்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்த வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் அளவுக்குக் கூடியிருக்கிறது. மணற்கரையில் நீர்மட்டம் ஓர் அளவு உயர்ந்தால் கரைக்கோடு அதைப் போல 50 முதல் 100 மடங்கு பின்வாங்கும் என்பது பொறியாளர்கள் தோராயக் கணக்குக்குப் பயன்படுத்தும் விதி. அதன்படி ஆண்டுக்கு அதிகம் போனால் 37 சென்டிமீட்டர், 10 ஆண்டுகளில் 3.7 மீட்டர், அதாவது 12 அடி. நீங்கள் இழந்ததோ 3 தென்னை வரிசை. வரிசைக்கு 25 அடி இடைவெளி என்று வைத்தால் அதுவே 75 அடி. அதற்கு முன்னால் இருந்த வலை உலர்த்தும் வெளி இந்தக் கணக்கில் சேரவே இல்லை. கடல் மட்ட உயர்வு இந்த இழப்பில் ஒரு சிறு பங்கைத்தான் விளக்கும், வரும் பத்தாண்டுகளில் அந்தப் பங்கு கூடும் என்பதும் உண்மை. ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிட்டால் இங்கே, தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும், மனிதர்கள் செய்ததும் மனிதர்களால் திருத்தக்கூடியதுமான காரணம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

அந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ளக் கரையில் நின்று அலையைச் சற்று நேரம் பார்த்தால் போதும். தெற்கத்திக் காற்று வீசும் மாதங்களில் அலை கரைக்கு நேராக வருவதில்லை. தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து ஏறுகிறது. ஏறும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளி, இறங்கும்போது நேர்கீழாக இழுத்துச் செல்கிறது. கையில் ஒரு பிடி செங்கல் தூளை எடுத்து அலை ஏறும் இடத்தில் போட்டுப் பாருங்கள். பத்துப் பதினைந்து அலைகளுக்குள் அந்தச் சிவப்பு வடக்கு நோக்கிப் பல அடி தள்ளிப் போயிருக்கும். ஒவ்வொரு மணல் துகளும் இப்படித்தான் ரம்பப் பல் போல ஏறி இறங்கி வடக்கே நடக்கிறது. வாடை வீசும் மாதங்களில் இந்த நடை தெற்கே திரும்புகிறது. ஆனால் அந்தக் காலம் குறுகியது. ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால் சோழமண்டலக் கரையின் இந்தப் பகுதியில் பல லட்சம் கன மீட்டர் மணல் நிகரமாக வடக்கே போகிறது. 1 டிப்பர் லாரிக்கு 10 கன மீட்டர் என்று கொண்டால் 1 லட்சம் கன மீட்டர் என்பது 10,000 லாரிகள். கரையோரமாக ஒரு மணல் ஆறு ஓடுகிறது என்றே சொல்லலாம். உங்கள் ஊர்க் கடற்கரை என்று நீங்கள் நினைத்த மணல் ஒருபோதும் உங்கள் ஊரில் தங்கியிருந்ததில்லை. போனதற்கு ஈடாக வந்துகொண்டே இருந்ததால் தங்கியிருப்பது போலத் தோன்றியது.

1980களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கல் அலைதாங்கிகள் நீட்டப்பட்டன. மணல் ஆற்றின் குறுக்கே அணை கட்டியது போல ஆயிற்று. தெற்குத் தடுப்பின் தென்புறத்தில் மணல் சேர்ந்தது. வடக்கே பசித்த அலைகள் கரையைத் தின்னத் தொடங்கின. புதுச்சேரி நகரின் கடற்கரைச் சாலைக்கு முன்னால் இருந்த மணல் வெளி சில ஆண்டுகளிலேயே மறைந்து, கருங்கல் குவியல்தான் கடற்கரை என்று ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. இப்படி நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான். தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொடுக்கும் ஏற்பாடு அந்தத் துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. தடுப்புச் சுவர் எழும்பியது; மணலைக் கடத்திக் கொடுக்கும் வேலைதான் முறையாகத் தொடரவில்லை. எனக்கு இந்த விவகாரம் முழுவதிலும் மிகவும் வலிப்பது இதுதான், ஏனெனில் இங்கே அறியாமை எந்த இடத்திலும் குறுக்கே வரவில்லை.

சென்னையை அறிந்தவர்களுக்கு இது பழைய கதை. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழும்பிய பின், ஒரு காலத்தில் கோட்டைச் சுவருக்கு அருகிலேயே புரண்ட கடல் விலகிப் போய், தெற்கே மெரினா அகன்ற மணற்பரப்பாக விரிந்தது. அதே மணலை இழந்த ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் தெருத் தெருவாகக் கடலுக்குக் கொடுத்தன. மெரினாவில் காற்று வாங்கும் நாம் காலடியில் இருக்கும் மணல் யாருடைய பங்கு என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

துறைமுகம் மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. கரைக்கு மணலைக் கொண்டுவந்தவை ஆறுகள். தென்பெண்ணையில் சாத்தனூர் அணை, சங்கராபரணியில் வீடூர் அணை என்று 1950களில் கட்டப்பட்ட தேக்கங்களுக்குப் பின்னால் மணல் தங்கிவிடுகிறது. தப்பி வருவதையும் ஆற்றுப்படுகையிலேயே அள்ளி விற்றுவிட்டோம். வரவு குறைந்த வீட்டில் வாசலிலேயே வழிமறித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது. தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அளந்ததில் இந்தியக் கடற்கரையில் 33.6 விழுக்காடு அரிக்கப்படுவதாகத் தெரிந்தது; தமிழ்நாட்டில் 42.7 விழுக்காடு, புதுச்சேரியில் 56.2 விழுக்காடு.

இனித் தூண்டில் வளைவு. பக்கத்து ஊரில் மணல் சேர்ந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள்; அது உண்மைதான். ஆனால் அந்த மணல் எங்கிருந்து வந்தது? கடலுக்குள் குறுக்கே நீட்டிய கல் வரிசை, நடந்து போகும் மணலைப் பிடித்துத் தன் தென்புறத்தில் வைத்துக்கொள்கிறது. அதன் வடபுறத்துக்கு வர வேண்டியது அந்த அளவுக்குக் குறைகிறது. புதுச்சேரியின் கற்சுவர் முடிந்த இடத்தில் அரிப்பு கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் பக்கம் வந்தது; அங்கே கல் போட்டதும் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று வடக்கே ஏறிக்கொண்டே போனது. உங்கள் ஊருக்கும் ஒன்று கட்டினால், இதே கேள்வியை அடுத்த ஆண்டுகளில் உங்களுக்கு வடக்கே இருக்கும் ஊரார் எழுதுவார்கள். அவர்களும் உங்கள் சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள்; பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்களாக இருக்கும்.

கரையை ஒட்டி நெடுகக் கொட்டும் கற்சுவரின் குறை வேறு வகை. மணற்கரையில் அலை ஏறி ஏறித் தன் வலுவை இழக்கிறது. கற்சுவரில் மோதும் அலை திரும்பிப் பாய்ந்து சுவரின் அடிமணலைப் பறிக்கிறது. முன்னால் ஆழம் கூடுகிறது, ஆழம் கூடியதால் இன்னும் பெரிய அலை உடையாமல் சுவர் வரை வருகிறது, கல் புதைகிறது, மேலே மீண்டும் கல் கொட்ட வேண்டியிருக்கிறது. சுவர் பின்னால் இருக்கும் வீட்டைக் காக்கும், கடற்கரையைக் காக்காது. மீனவர்க்கு இந்த வேறுபாடு வயிற்றுப்பாடு. ஃபைபர் படகை ஏற்ற இடமில்லை, கரைவலை இழுக்க இடமில்லை, பெண்கள் கருவாடு காயவைக்க இடமில்லை. படகைப் பல கிலோமீட்டர் தள்ளி வேறோர் ஊரின் கரையில் நிறுத்திவிட்டு, இன்ஜினைத் தோளில் சுமந்து வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. இந்தக் கரையில் ஓர் ஊரில் நான் பார்த்த உறைகிணறு ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. சுற்றியிருந்த மணல் முழுவதும் போய்விட, 7 சிமெண்ட் உறைகள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தூண் போல அலைக்குள் நின்றன. அடி உறையில் சிப்பி ஒட்டியிருந்தது. மேல் உறையின் விளிம்பில் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்கள் அப்படியே இருந்தன. அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்த அம்மா ஒருவர், வாசலிலிருந்து அதற்கு நடந்து போக ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் ஆகும் என்று எனக்குக் கையால் தூரத்தைக் காட்டினார்.

அப்படியானால் கல்லே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். அலைக்கும் வீட்டுக்கும் இடையே 10, 15 அடிதான் மிச்சம் இருக்கிறது, அடுத்த வாடைக்காலத்துக்குள் வீடு போய்விடும் என்ற நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு அந்த இடத்தில் மட்டும் அவசரக் கல் தடுப்பைக் கொட்டியே ஆக வேண்டும். அதை மறுப்பதற்கு எந்தக் கோட்பாட்டுக்கும் உரிமையில்லை. தூண்டில் வளைவும் தனித்துக் கட்டினால்தான் கேடு. ஒன்றுக்கொன்று அளவு குறைந்துகொண்டே போகும் குட்டையான வளைவுகளைக் கட்டி, அவற்றின் இடைவெளிகளைக் கட்டும்போதே வெளியிலிருந்து கொண்டுவந்த மணலால் நிரப்பிவிட்டால், நடந்து வரும் மணல் மறிக்கப்படாமல் அவற்றைத் தாண்டிப் போகும். நிரப்பும் மணலுக்கான செலவை மதிப்பீட்டிலிருந்து நீக்கிவிட்டுக் கல்லை மட்டும் கட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஆகவே உங்கள் ஊருக்கு அப்படி ஒரு திட்டம் வந்தால், மதிப்பீட்டில் மணல் நிரப்புவதற்கு எத்தனை கன மீட்டர் எழுதியிருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள்.

மணலைத் திருப்பிக் கொடுப்பது நடக்கிற காரியமா என்ற ஐயம் உங்களுக்கு வரலாம். நடந்திருக்கிறது, உங்கள் கதையைப் போலவே அச்சாக இருக்கும் ஓர் இடத்தில் நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையில் ட்வீட் ஆறு கடலில் கலக்கிறது. அங்கும் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. படகுகள் போய்வர வசதியாக 1960களின் தொடக்கத்தில் தெற்கு மாநிலம் முகத்துவாரச் சுவர்களை நீட்டியது. வடக்கு மாநிலத்தின் கோல்ட் கோஸ்ட் கடற்கரைகள் மெலிந்தன, 1967இன் புயல்கள் அவற்றைக் கழுவிக்கொண்டு போயின. நெடுங்காலப் பேச்சுக்குப் பின் இரண்டு அரசுகளும் உடன்பாடு கண்டன. 1995இல் அதற்காகத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2001 முதல் முகத்துவாரத்துக்குத் தெற்கே ஒரு பாலம் போன்ற மேடையிலிருந்து பம்புகள் மணலை நீரோடு உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் போகும் குழாய் வழியாக வடகரைக்கு அனுப்புகின்றன. ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர், அதாவது நம் கணக்கில் நாளொன்றுக்கு 137 லாரி மணல். தொடக்க ஆண்டுகளில் அளவுக்கு மேல் அனுப்பி ஒரு கடற்கரையில் மணல் மண்டிப் போனதும், மக்கள் முறையிட்ட பின் அளவைத் திருத்தியதும் உண்டு. அங்கே எல்லைக்கோட்டின் இருபுறமும் இருந்தவர்கள் ஒரே மணல் ஆற்றின் பங்காளிகள் என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே இல்லாதது அந்த ஒப்புதல்தான்.

நம் நாட்டிலும் முன்மாதிரி இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் துறைமுக வாயிலில் சேரும் மணலைத் தூர்வாரி நகரின் கடற்கரைக்குக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. புதுச்சேரியிலேயே தலைமைச் செயலகத்துக்கு எதிரே, தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் நீருக்கடியில் எஃகாலான ஆப்பு வடிவத் தடுப்பை இறக்கி, துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் இட்டது. பல ஆண்டுகளாகக் கல்லை மட்டுமே பார்த்திருந்த அந்த இடத்தில் மக்கள் மீண்டும் மணலில் கால் வைத்தார்கள். நகரத்துக்குச் செய்ய முடிந்ததைக் குப்பங்களுக்குச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால், காரணத்தை எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நெதர்லாந்து 1990 முதல் தன் கரைக்கோட்டை அந்த ஆண்டின் நிலையிலேயே வைத்திருக்கக் கடலடியிலிருந்து மணலை எடுத்து இடுகிறது, 2001 முதல் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் கன மீட்டர்; கல்லால் கட்டுவதில் உலகுக்கே ஆசானாக இருந்த நாடு மணலைத் தேர்ந்தெடுத்தது எனக்குப் பெரிய சான்றாகப் படுகிறது. ஆனால் மணல் இடுவது ஒரு முறை செய்து முடிக்கும் வேலை அல்ல. ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டிய பராமரிப்பு. திறப்பு விழாக் கல்வெட்டு வைக்க முடியாத வேலை என்பதால்தான் அதற்கு ஆதரவு குறைவோ என்று நான் நினைப்பதுண்டு.

ஊருக்குள் தண்ணீர் தேங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரையோர மணல்மேடும் அதற்குப் பின்னால் உள்ள பள்ளமும் சேர்ந்ததுதான் இயற்கையான வடிகால். மேடு கடலைத் தடுக்கும், பள்ளம் மழை நீரைக் கழிமுகம் வரை நடத்திச் செல்லும். மேட்டை அரிப்புக்கும் பள்ளத்தை வீட்டுமனைகளுக்கும் கொடுத்த பிறகு, மேற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையும் கிழக்கே கற்சுவரும் இரண்டு கரைகளாக நிற்க, ஊர் தொட்டியாகிவிடுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்த மழை இதைக் காட்டிவிட்டது. சுவர் கட்டுவதானால் அதில் நீர் வெளியேறும் மதகுகளைக் கேளுங்கள். சாலைக்கு அடியில் உள்ள சிறுபாலங்களை ஆகஸ்ட் மாதத்திலேயே தூர்வாரச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் மணல்மேட்டில் அடும்புக் கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் படரவிட்டு, மேட்டைக் குறுக்கே வெட்டிப் பாதை போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் பெயர்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது உங்களிடம் பேச வருவார்கள். ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்தில் சதாபயா கிராமங்களைக் கடல் ஒவ்வொன்றாகக் கொண்டுபோன பின் மக்களைப் பாகபதியாவுக்குக் குடியேற்றினார்கள். 2018இல் அவர்களுடைய பஞ்சுபராகி அம்மன்களையும் கூடவே கொண்டுபோனார்கள். 15ஆவது நிதி ஆணையம் அரிப்பைத் தணிக்க 1,500 கோடி ரூபாயும், அரிப்பால் இடம்பெயர்ந்தோரைக் குடியமர்த்த 1,000 கோடி ரூபாயும் பரிந்துரைத்தது. மணல் மறிக்கப்பட்டதால் அழியும் ஊரை, மணலைத் திருப்பிக் கொடுத்துப் பார்க்காமலேயே காலி செய்யச் சொல்வது நியாயம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. கடலுக்கு அருகில் படகு நிறுத்த இடமில்லாத மறுகுடியேற்றம் மீனவர்க்கு வீடு தரும், தொழில் தராது.

எனவே ஊரின் சார்பில் தனியாக மனு எழுதுவதைவிடத் துறைமுகத்தின் வடபுறத்திலிருந்து உங்கள் ஊருக்கு அப்பால் வரை உள்ள எல்லாப் பஞ்சாயத்துகளும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதுங்கள். துறைமுகத்தில் தூர்வாரும் மணலைக் கரைக்கு வெளியே கொட்டவோ விற்கவோ கூடாது, ஆண்டுதோறும் அளந்து வடகரைக்குக் கொடுக்க வேண்டும். இந்தக் கரை முழுமைக்கும் இரண்டு அரசுகளும் சேர்ந்து ஒரே கரை மேலாண்மைத் திட்டம் வகுக்க வேண்டும். அதுவரை அவசரக் கல் தேவைப்படும் வீடுகள் இவை என்று பெயர் பெயராகப் பட்டியல் கொடுங்கள். 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை மாவட்ட அளவிலான குழுக்களில் உள்ளூர்ப் பாரம்பரியக் கடலோரச் சமூகத்தின் பிரதிநிதிகள் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும் என்று சொன்னது. உங்கள் மாவட்டக் குழுவில் அந்த இடங்களில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மனுவோடு அளவும் இருக்க வேண்டும். கரை வாடைக்காலத்தில் குறுகித் தை, மாசியில் மீண்டும் அகலும். இந்த ஆண்டுச் சுற்றை நிரந்தர அரிப்பு என்று காட்டினால் அதிகாரிகள் எளிதில் மறுத்துவிடுவார்கள். கோயில் சுவர், தண்ணீர்த் தொட்டித் தூண், சமுதாயக் கூடத்தின் மூலை என்று நகராத 3 இடங்களில் பெயிண்டால் குறி போடுங்கள். ஒவ்வொரு அமாவாசைக்கும் மறுநாள், வற்று முடியும் நேரத்தில், அந்தக் குறியிலிருந்து ஈர மணல் தொடங்கும் இடம் வரை நாடா பிடித்து அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, அதே இடத்தில் நின்று அதே திசையில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். இந்த ஆண்டு மாசிக்கும் அடுத்த ஆண்டு மாசிக்கும் உள்ள வேறுபாடுதான் உண்மையான இழப்பு. உங்களுக்குத் தெற்கே உள்ள ஊரும் வடக்கே உள்ள ஊரும் அதே நாளில் அளக்கச் சம்மதித்தால் மணல் எங்கே நிற்கிறது, எங்கே வராமல் போகிறது என்பது 2 ஆண்டுகளில் 3 நோட்டுகளிலும் எழுத்தாகத் தெரிந்துவிடும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இந்த வேலையை நன்றாகச் செய்வார்கள். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க, அலையைத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.